வானியல் பேப்பரைத் தாண்ட ஒரு மொட்டை மாடி போதும்

கல்லூரியில் விருப்பப் பாடமாக வானியல் எடுப்பவர்கள் பலர் நட்சத்திரம், கிரகம் என்று ஜாலியாகப் போகும் என்று நம்பித்தான் வருகிறார்கள், மூன்றாவது வாரம் லாக் கணக்கு வந்ததும் முழிக்கிறார்கள். நானும் அப்படி முழித்தவன்தான். சூரியக் குடும்பம் பாதி, நட்சத்திரங்கள் பாதி என்று இருக்கும் இந்தப் பேப்பரை மனப்பாடம் செய்து தேறுவது கஷ்டம். ஒவ்வொரு பாடத்தையும் சென்னையில் நீங்களே பார்த்த ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள், பரீட்சையில் அது கைவிடாது.

முதலில் ஒரு குச்சி. சரியாக 1 மீட்டர் நீளம், மாடியில் செங்குத்தாக நிற்க வேண்டும், நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 20 அன்று பகல் 12 மணியிலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல் 12.16 வாக்கில் விழும், சுமார் 23 செ.மீ. இருக்கும். கால்குலேட்டரில் 0.23க்கு டேன் இன்வர்ஸ் போட்டால் 13 வரும். அதுதான் சென்னையின் அட்சரேகை! துருவ நட்சத்திரமும் வடக்கே அதே 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 டிகிரி, அதற்குக் கொஞ்சம் மேலே. நம் ஊர்ப் புழுதியிலும் எதிர் அபார்ட்மென்ட்டிலும் அது தெரியாமல் போனால் கவலைப்படாதீர்கள்.

குச்சியை எடுத்துவிடாதீர்கள். ஏப்ரல் 24 வாக்கில் 12.07க்குப் போய்ப் பாருங்கள், நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. நடுவில், ஜூன் மாதம் உச்சி வேளையில், நிழல் தெற்குப் பக்கம் விழும், ஏனென்றால் சூரியன் நமக்கு வடக்கே போயிருக்கும். கத்திரி வெயிலில்தான் சூரியன் உச்சந்தலைக்கு வருகிறது என்று நினைப்பவர்களிடம் இதைக் காட்டலாம்.

அப்படியே இன்னொன்று. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால் கோடை வருகிறது என்று எழுதி மார்க்கை விடாதீர்கள். பூமி மிக நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ., அதாவது நம் மார்கழிக் குளிரில்! ஜூலையில் 15.2 கோடிக்கு விலகிப் போகிறது. காரணம் அச்சின் 23.5 டிகிரி சாய்வுதான்.

தூரங்களுக்கு ஒரு தேங்காய். 14 செ.மீ. குறுக்களவுள்ள உரித்த தேங்காயைச் சூரியன் என்று மெரினாவில் காந்தி சிலைப் பக்கம் வைத்தால், பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு. வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு. நெப்டியூனுக்குக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து 450 மீட்டர் நடக்க வேண்டும். சரி, பக்கத்து நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரி? அடுத்த தேங்காய் 4,000 கி.மீ.க்கும் அப்பால். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போனாலும் எட்டாது.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம், மேக்னிட்யூட், அதாவது நட்சத்திரம் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதைச் சொல்லும் எண். எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல். ஐந்து படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு, ஒரு படி சுமார் 2.512 மடங்கு. 1856இல் இந்தக் கணக்கை வகுத்த நார்மன் போக்சன்தான் 1861இல் நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தார், வந்த வருடமே ஆசியா என்று ஒரு சிறுகோளையும் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகத்தின் 1792ஆம் வருடக் கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது, தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். கணக்குக்கு வருவோம். சிரியஸ் நட்சத்திரம் -1.5, மாடியில் மங்கலாகத் தெரியும் ஒன்று 3.5, ஆக வித்தியாசம் 5, வெளிச்சம் 100 மடங்கு. மடங்கிலிருந்து வித்தியாசத்துக்குத் திரும்பிவர, மடங்கின் லாக்கை 2.5ஆல் பெருக்க வேண்டும். நான் முதல் டெஸ்டில் 100 மடங்கிலிருந்து வித்தியாசம் கண்டுபிடிக்கும்போது லாக் பட்டனுக்குப் பதில் பக்கத்திலிருந்த எல்என் பட்டனை அமுக்கி 11.5 என்று எழுதி வைத்தேன், சந்தேகம்கூட வரவில்லை. அதனால் எந்தக் கணக்குக்கு முன்னாலும் லாக் 100 போட்டுப் பாருங்கள், 2 வந்தால் சரியான பட்டன்.

நட்சத்திரப் பாதிக்கு, தை மாதக் கடைசியில் இரவு 9 மணிக்கு மாடியில் மல்லாந்து படுங்கள். கிட்டத்தட்ட தலைக்கு நேரே ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம். அதில் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை, அதாவது பெடல்ஜூஸ், சுமார் 3,500 கெல்வின். எதிர் மூலையில் நீலவெள்ளையாக ரைஜெல், 12,000. சூடு அதிகமானால் நீலம், அடுப்புக்கரி மாதிரி ஆறினால் சிவப்பு. ஒரே அளவு பரப்பிலிருந்து ரைஜெல் நூறு மடங்குக்கும் மேல் ஒளியைக் கொட்டுகிறது, அப்படியிருந்தும் திருவாதிரை இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்றால் அது எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்! சூரியன் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதை வரை விழுங்கிவிடும். நட்சத்திரங்களை வெப்பநிலை, ஒளி இரண்டையும் வைத்துக் குறிக்கும் ஹெர்ட்ஸ்பிரங் ரஸ்ஸல் வரைபடத்தில் அது வலது மேல் மூலையில் உட்காருவதற்கு இதுதான் காரணம். அந்தப் படத்தில் வெப்பநிலை இடப்பக்கம் போகப்போகக் கூடும், தலைகீழ், மறக்காதீர்கள்.

வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம், அந்தப் பாடத்தில் அதன் நிறைக்கு 1.4 சூரிய நிறை என்ற உச்ச எல்லை வரும். மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து வந்தது. நோபல் 1983இல்தான் கிடைத்தது.

நிலா சுலபம். தினமும் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், ஒரு வாரம் குறித்தாலே பிறைப் பாடம் முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் மாடியை நம்பாதீர்கள், மேகம்தான். அப்போது கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போங்கள். உள்ளே இருட்டு, நோட்டில் எழுதவும் முடியாது, மொபைல் வெளிச்சம் காட்டினால் பக்கத்துச் சீட்டில் திட்டுவார்கள். பார்த்ததை வெளியே வந்து டீ குடிக்கும்போது எழுதிக்கொள்ளலாம்.