3620-இல் தெரிவது வாயுவா, மண்ணா?

தேயிலை மலைச் செம்மண்ணைச் சூடாக்கி, அதில் காபனீரொட்சைட்டு எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கும் மாணவர்கள், எந்த அலையெண்ணில் ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையைக் கொண்டுவந்து 3620 செ.மீ⁻¹ மேல் விரலை வைப்பார்கள்: "ஐதரசன்காபனேற்று உருவாகிவிட்டது!" நானும் ஒரு காலத்தில் அப்படியே எழுதினேன். மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

அலுமினாவின் (அலுமினிய ஒட்சைட்டின்) மேற்பரப்பிலுள்ள ஐதரொட்சிலோடு (OH) வாயு சேர்ந்து ஐதரசன்காபனேற்று உருவானால், 3620ஐ அண்டி ஒரு பட்டை, அதாவது உறிஞ்சல் உச்சி, வருவது உண்மைதான். ஆனால் நம் மண்ணிலுள்ள கயோலினைட் களிமண்ணின் ஐதரொட்சில் பட்டையும் அதே இடம். கிப்சைட் என்ற அலுமினிய ஐதரொட்சைட்டுக் கனிமமும் அங்கேதான். 3695-இல் கூரான இன்னொரு பட்டை நின்றால் களிமண்ணைத்தான் முதலில் சந்தேகியுங்கள். ஐதரசன்காபனேற்றை உறுதிப்படுத்த 1650, 1440, 1230 ஆகிய பட்டைகளைத் தேடலாம். அதிலும் சிக்கல் உண்டு: 1640-இல் நீர் குறுக்கிடும், 1230ஐ சிலிக்கேற்று மறைத்துவிடக்கூடும். காபன்-13 (பாரமான காபன் சமதானி) கொண்ட காபனீரொட்சைட்டு கிடைத்தால் வழி தெளிவு. காபனேற்றுப் பட்டைகள் கீழிறங்கும், நீரும் களிமண்ணும் அசையாது.

களிமண் போன்ற மாசை வெறும் பின்னணியாக நினைக்காதீர்கள். அதுவும் வாயு ஒட்டக்கூடிய ஒரு மேற்பரப்புத்தான். ஆகவே வாயு விடுமுன், வெற்றிடத்தில் சூடாக்கி ஆறவைத்த அதே வில்லையின் (அழுத்திய மெல்லிய மாதிரித் தட்டின்) நிறமாலையை எடுத்தே ஆக வேண்டும். வேறொரு துண்டின் நிறமாலையைக் கழிப்பது பயன்படாது. தடிப்பும் மாசின் அளவும் மாறும். "நன்றாகச் சுத்தமாகட்டும்" என்று 500 பாகைக்கு மேல் ஏற்றினால் கயோலினைட்டின் ஐதரொட்சில் போய்விடும். பிறகு கையில் இருப்பது வேறு திண்மம்.

மாதிரியைப் பொற்றாசியம் புரோமைட்டு உப்பில் கலந்து அழுத்தவும் வேண்டாம். உப்பு துகள்களைச் சூழ்ந்தால் வாயு மேற்பரப்பை எட்டாது. ஆடி மாதத் தூறலில் கண்ணாடிபோல் இருந்த உப்பு வில்லை, கருவிக்குக் கொண்டுபோவதற்குள் ஈரம் உறிஞ்சிப் பால் நிறமாகும். 3400-இல் நீர்ப் பட்டை அகன்று நிற்கும். 1384-இல் கூரான பட்டை தெரிந்தால் உப்பில் நைத்திரேற்று மாசு இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியை மட்டும் அழுத்தி மெல்லிய வில்லை செய்வதே நல்லது.

குளிருக்கு யன்னலை மூடிவிட்டு நாலைந்து பேர் கருவியைச் சுற்றி நின்றால், நம் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டே 2349-இல் பதியும். உலர் நைதரசன் ஓட்டம் சீரான பிறகே அளவிடுங்கள்.

வாயு விடுமுன் எடுத்த நிறமாலையைக் கழித்தபின் ஐதரொட்சில் பகுதியில் கீழ்நோக்கிய பட்டை வந்தால் அதை மென்பொருளில் சமன்செய்து அழிக்காதீர்கள். வெப்பநிலை மாறவில்லை என்று உறுதியானால், வாயுவோடு வினைபட்ட ஐதரொட்சில்கள் எவை என்பதை அந்தப் பள்ளந்தான் காட்டும்.