லெ மான் 24 மணி நேர ரேஸை முதல் தடவை நேர்ல பாக்கப் போறீங்களா? இத படிச்சுட்டு கிளம்புங்க

2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல நடிகர் அஜித் டீம் அவங்க கிளாஸ்ல (கார் வகைல) மூணாவதா வந்தாங்கல்ல, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு எண்டூரன்ஸ் ரேஸ் (பல மணி நேரம் நிக்காம ஓடற ரேஸ்) மேல ஆசை வந்துருச்சு. லெ மான் பிரான்ஸ்ல இருக்கற ஊரு, நான் பாரிஸ்ல இருக்கறதால என்கிட்ட "லெ மான் போகணும், எப்படி பாக்கறது"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. நான் 2024லயும் 2025லயும் போய்ட்டு வந்தேன். முதல் தடவை எல்லாத்தையும் பாக்கணும்னு அலைஞ்சு கடைசில எதுவுமே மனசுல நிக்கல, ரெண்டாவது தடவை தான் எப்படி பாக்கணும்னே புரிஞ்சுது.

1. டிக்கெட்

ரேஸ் ஜூன் மாசம், சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிச்சு ஞாயிறு 4 மணிக்கு முடியும். 2025ல மூணு லட்சத்துக்கு மேல ஜனம் வந்துச்சு, அதனால கடைசி நேரத்துல பாத்துக்கலாம்னு இருந்தா கண்டிப்பா கிடைக்காது, விற்பனை ஆரம்பிச்ச உடனே வாங்கிடுங்க. முதல் தடவை போறவங்களுக்கு ஜெனரல் டிக்கெட்டே போதும், அத வச்சுட்டு மண்மேட்டுல புல்லுல எங்க வேணா உக்காந்து பாக்கலாம். கேலரி சீட்டு தனி, டென்ட் போடற இடத்துக்கு டிக்கெட் தனி.

2. போற வழி

பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல டிஜிவி (அதிவேக ரயில்) ஏறினா ஒரு மணி நேரத்துல லெ மான். அங்கேருந்து ட்ராம் புடிச்சா ட்ராக் பக்கத்துலயே இறக்கி விட்ரும். கார்ல போகாதீங்க, பார்க்கிங் தேடியே பாதி தெம்பு போயிடும். முடிஞ்சா வெள்ளிக்கிழமையே போயிடுங்க, அன்னைக்கு டிரைவர்ஸ் எல்லாரையும் பழைய கார்கள்ல உக்கார வச்சு ஊருக்குள்ள ஊர்வலமா கூட்டிட்டு வருவாங்க, தெருவோரமா நின்னே கிட்டக்க பாக்கலாம்.

3. பைல என்ன வைக்கணும்

காதுக்கு இயர் பிளக் முக்கியம், குழந்தைங்களுக்கு காது முழுக்க மூடற மாதிரி ஹெட்போன் டைப் வாங்குங்க. ஜூன் தானேன்னு டி-ஷர்ட்டோட போகாதீங்க, ராத்திரி 2 மணிக்கு நல்லாவே குளிரும், ஸ்வெட்டரும் மழை கோட்டும் வேணும். 2024ல ராத்திரி மழை கொட்டி, சேஃப்டி கார் (ஆபத்தான நேரத்துல எல்லாரையும் மெதுவா கூட்டிட்டு போற கார்) பின்னாடியே 4 மணி நேரத்துக்கு மேல எல்லா காரும் வரிசையா போச்சு, நான் நனைஞ்சு போன ஷூவோட நின்னு பாத்தேன். அதனால மாத்து சாக்ஸ் ரெண்டு ஜோடி வச்சுக்கங்க. பவர் பேங்க், டார்ச், கீழ விரிக்க ஒரு ஷீட், கூடவே ஒரு குட்டி எஃப்எம் ரேடியோ, ஏன்னா ட்ராக்ல அனௌன்ஸ்மென்ட் பெரும்பாலும் பிரெஞ்சுல தான் ஓடும், இங்கிலீஷ் கமென்ட்ரி எஃப்எம்ல கேக்கலாம், அவ்ளோ கூட்டத்துல போன் நெட்வொர்க்க நம்ப முடியாது. சாப்பாட்டுக்கு நான் பாரிஸ்ல நம்ம ஊர் கடைங்க இருக்கற லா சப்பல்ல சாமான் வாங்கி புளிசாதம் கட்டிட்டு போயிடுவேன், மறுநாள் வரைக்கும் கெடாம இருக்கும்.

4. ஒரே ஒரு காரை புடிச்சுக்கங்க

இது தான் இந்த பதிவோட உயிர்.

62 கார் ஓடுது, ஒரு சுத்து 13.626 கிலோமீட்டர், நீங்க எங்க நின்னாலும் மீதி ட்ராக் உங்க கண்ணுக்கு தெரியாது. மூணு கிளாஸ் ஒண்ணா கலந்து ஓடும். ஹைப்பர்கார் தான் மொத்த வெற்றிக்கு போட்டி போடறது, எல்எம்பி2 அதுக்கு அடுத்தது, ஷோரூம்ல பாக்கற கார் சாயல்ல இருக்கறது ஜிடி3. ஒரு ஹைப்பர்கார் ஜிடி3ய தாண்டி போனா யாரோ முந்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, ரெண்டுக்கும் வேற வேற போட்டி. இத்தனையையும் மொத்தமா மண்டைல ஏத்த பாத்தா முதல் ரெண்டு மணி நேரத்துலயே சலிச்சு போயிடும்.

அதனால கலர் பிடிச்சிருக்கா, சத்தம் பிடிச்சிருக்கா, ஏதோ ஒரு காரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கங்க. 2025ல நான் 83ம் நம்பர் மஞ்சள் ஃபெராரிய எடுத்தேன், காரணம் அத ஓட்டின மூணு பேர்ல ஒருத்தரான போலந்து டிரைவர் ராபர்ட் குபிட்சா. 2011ல ராலி விபத்துல அவர் வலது கை சிதைஞ்சு போச்சு, அதுக்கப்புறமும் விடாம ஓட்டிட்டு இருக்கற மனுஷன். கார் கண்ணு முன்னாடி போனதும் வாட்ச்ச பாருங்க, கிட்டத்தட்ட மூன்றரை நிமிஷத்துல திரும்ப வரணும். வரலன்னா பிட்டுக்கு (பெட்ரோல் போட, டயர் மாத்த நிக்கற இடம்) போயிருக்கு, இல்ல ஏதோ ஆயிருக்கு, உடனே ரேடியோவ கேளுங்க. ஹைப்பர்கார் சுமார் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் போட வரும். ஒரு காருக்கு மூணு டிரைவர், எந்த 6 மணி நேரத்த எடுத்தாலும் ஒருத்தர் 4 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, இப்ப யார் ஓட்டறாங்கன்னு ஒரு துண்டு பேப்பர்ல குறிச்சு வைங்க. உங்க காரோட கதை புரிய ஆரம்பிச்சா அது யாரோட மோதுதோ அவங்க கதையும் தானா புரிஞ்சுரும்.

5. எங்க நிக்கறது

ஸ்டார்ட்டுக்கு டன்லப் பாலம் பக்கம் மேட்டுல நில்லுங்க, ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாடியே இடம் புடிக்கணும். சாயங்காலம் டெர்த்ர் ரூஜ், அப்புறம் போர்ஷ் கர்வ்ஸ்னு ட்ராக்கோட வளைவுங்க பக்கம் நடங்க.

ராத்திரிக்கு ஷட்டில் பஸ் புடிச்சு ஆர்னாஜ் திருப்பத்துக்கு போயிடுங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. முதல்ல மரத்து மேல வெளிச்சம் விழும், கார் இன்னும் தெரியாது, அப்புறம் இண்டியானாபொலிஸ் வளைவுல பிரேக் புடிக்கற சத்தம், வீல் உள்ளார பிரேக் டிஸ்க் அடுப்புத் தணல் மாதிரி செவந்து தெரியும், ஆர்னாஜ்ல கிட்டத்தட்ட ஊர்ந்து திரும்பி ஒரே உறுமல்ல இருட்டுக்குள்ள போயிடும், பின்னாடியே சூடான ரப்பர் வாசனை வரும். பக்கத்துல நிக்கற யாரும் பேச மாட்டாங்க. ஊர்ல விடிய விடிய கூத்து பாத்தவங்களுக்கு அந்த நேரத்து நிசப்தம் தெரியும்.

3 மணிக்கு மேல ஒரு ரெண்டு மூணு மணி நேரம் தூங்குங்க, ஆனா விடியறப்ப எழுந்துருங்க. பளபளன்னு கிளம்பின கார் மூஞ்சி முழுக்க பூச்சியும் கரியுமா, நம்பரே சரியா தெரியாம வரும், அத வெளிச்சத்துல பாக்கணும்.

6. முடியற வரைக்கும் இருங்க

2016ல ஜெயிச்சுட்டு இருந்த டொயோட்டா கடைசி சில நிமிஷத்துல பவர் போய் ஸ்டார்ட் லைன்லயே நின்னு போச்சு, போர்ஷ் ஜெயிச்சுது. 2024லயும் 2025லயும் முதல் காருக்கும் ரெண்டாவது காருக்கும் வித்தியாசம் 14 செகண்ட் தான், 24 மணி நேரம் ஓடினப்புறம்! 2025ல அந்த 14 செகண்ட் முன்னாடி கோட்ட தாண்டி ஜெயிச்சது குபிட்சா ஓட்டின என் 83ம் நம்பர் கார். பக்கத்துல முன்ன பின்ன தெரியாத ஒரு போலந்துக்காரர் என்னை கட்டிப்புடிச்சு அழுதுட்டாரு, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அதனால ரிட்டர்ன் டிரெய்ன ஞாயிறு ராத்திரி 8 மணிக்கு அப்புறம் போடுங்க, ட்ராம் ஸ்டாப்ல வரிசை ரொம்ப நீளமா இருக்கும். திங்கக்கிழமைக்கு லீவ இப்பவே சொல்லி வச்சுருங்க.