கேட்காமல் கை வைக்காதீர்கள்: பாய்மரப் படகுப் பந்தயத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

பாயான் லெப்பாஸில் ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் ஐந்தே முக்காலுக்குப் படகுத்துறையில் எப்படி நிற்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் நிற்கத்தான் வேண்டும். பினாங்கில் சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் விழுந்துவிடும். அப்புறம் அரை மணி நேரம்கூட வெளிச்சம் தாங்காது. அதனால் வேலை நாள் மாலையில் ஓடும் கிளப் பந்தயம் யாருக்காகவும் காத்திருக்காது.

முதல் தவறு கரையிலேயே நடக்கிறது. எங்கள் படகை ஓட்ட ஆறு பேர் வேண்டும். மதியத்துக்குள் "இன்னைக்கு முடியாது" என்று சொல்லிவிட்டால் வேறு ஆள் பிடிக்கலாம். ஐந்தே முக்காலுக்கு "சாரி, ஜேம்" என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் மற்ற ஐந்து பேரின் மாலையும் போச்சு. ஒன்றுமே தெரியாதவரைப் படகை நடத்தும் எந்த ஸ்கிப்பரும் சேர்த்துக்கொள்வார். இரண்டு முறை சொல்லாமல் வராமல் நின்றவரை மூன்றாம் முறை கூப்பிடமாட்டார்.

சரி, படகில் ஏறியாயிற்று. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, புதியவர்கள் தெரியாமல் கெடுத்ததைவிட உதவப் போய்க் கெடுத்ததுதான் அதிகம். நாம் வளர்ந்த விதம் அப்படி. விசேஷ வீட்டில் பரிமாறக் கை கொடுக்காமல் உட்கார்ந்திருப்பவனைச் சோம்பேறி என்பார்கள். அந்தப் பழக்கத்தோடு படகில் ஏறி, ஆடுகிற கயிற்றைப் பார்த்ததும் பிடிக்கிறோம். அந்தக் கயிறு ஆட வேண்டும் என்றேதான் இன்னொருவர் விட்டிருப்பார்.

என் முதல் மாலையில் ஸ்கிப்பர் "ஜிப் ஷீட்டை இழு" என்று கத்தினார். அவர் பணி ஓய்வு பெற்ற சீனப் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் அங்கிள். ஷீட் என்றால் துணிதானே என்று நான் ஜிப், அதாவது முன்பாயின் ஓரத்தையே பிடித்து இழுத்தேன். படகே சிரித்தது. ஷீட் என்பது பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உள்ள கயிறு; பாயை மேலே ஏற்றும் கயிறு ஹாலியார்ட். 'ட்ரிம்' என்றால் இழு, 'ஈஸ்' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக விடு. இந்த நான்கு சொல்லும் தெரியாமல் ஏறுவது தவறே இல்லை. தெரிந்ததுபோலத் தலையாட்டுவதுதான் தவறு.

இனி வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை. புதியவரைப் பெரும்பாலும் இங்கேதான் உட்கார வைப்பார்கள், அதிகக் குழப்பம் நடப்பதும் இங்கேதான். காற்றை நோக்கி வளைந்து வளைந்து ஏறும்போது, படகின் மூக்கைக் காற்றைத் தாண்டித் திருப்பி, பாயை மறுபக்கம் கொண்டுபோவதுதான் டேக். அந்தச் சில வினாடிகளில் ஒரு பக்கக் கயிற்றை விட வேண்டும், மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். விடுகிறவர் செய்யும் தவறு அவசரம். ஸ்கிப்பர் சுக்கானைத் தள்ளிய உடனே விட்டுவிடுவார். பாய் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போது விட்டால் படகு திருப்பத்தின் பாதியிலேயே வேகம் இழந்து தள்ளாடும். பாயின் முன்விளிம்பு உள்பக்கம் மடங்கத் தொடங்கும் வரை பிடித்திருந்து, பிறகு சுற்றுகளை மேல்நோக்கி ஒரே வீச்சில் கழற்ற வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பது இந்த ஒரு நொடிக்குச் சரியாகப் பொருந்தும்.

இழுக்கிறவர் செய்யும் தவறு வேறு. கயிறு வழுக்கிவிடுமோ என்ற பயத்தில், தளர்வாக இருக்கும்போதே வின்ச்சில் நான்கு சுற்றுச் சுற்றிவிடுவார். தளர்ந்த கயிறு வேகமாக வரும்போது ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறி இறுகிவிடும். இதற்குப் பெயர் ஓவர்ரைட். அப்புறம் இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஒருமுறை பந்தயத்தில் சுற்றிவர வேண்டிய மிதவைக்கு முப்பது மீட்டர் முன்னால் எனக்கு இது நடந்தது. எதிரே ஒரு படகு, உடனே திரும்ப வேண்டும், கயிறு அசையவில்லை. பதற்றத்தில் சுற்றுகளுக்கு நடுவே விரலை நுழைத்து நெம்பப் பார்த்தேன். எங்களோடு வரும் முனியாண்டி அண்ணன், முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், என் மணிக்கட்டில் ஒரு அடி போட்டார்.

"கைய எடுடா தம்பி! பாய் போனா போகுது, விரல் போனா வருமா?"

அப்புறம் அவர் சிக்கிய கயிற்றின் முன்பகுதியில் இன்னொரு கயிற்றைக் கட்டி, அதை வேறொரு வின்ச்சுக்குக் கொண்டுபோய் இழுத்தார். பாரம் அதற்கு மாறியதும் சிக்கு தானே தளர்ந்தது. நாங்கள் கடைசியாக வந்தோம். அண்ணன் அன்று சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றைக்கும் செய்கிறேன்: முதலில் ஒரு சுற்று, கூடிப்போனால் இரண்டு. கை மாற்றிக் கை மாற்றித் தளர்வை எல்லாம் இழுத்துவிட வேண்டும். பாரம் ஏறுவதைக் கை உணர்ந்த பிறகு மூன்றாவது சுற்று, அதன்பின் வின்ச்சைச் சுழற்றும் கைப்பிடி. சுற்றுவது எப்போதும் வலச்சுற்று, கோயில் சுற்றுவதுபோல. பாரமுள்ள கயிற்றைக் கொஞ்சம் விட வேண்டுமென்றால் ஒரு கையால் வாலைப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையைச் சுற்றுகளின்மேல் தட்டையாக அழுத்தி நழுவ விடுங்கள். விரல்கள் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் போகவே கூடாது. கைப்பிடியை வேலை முடிந்ததும் அதன் பையில் போட்டுவிடுங்கள். வின்ச்சிலேயே விட்டால் ஒருநாள் கடலுக்குள் போகும். அதன் விலையைக் கேட்டால் உங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

ஹாலியார்ட் பக்கம் இரண்டு தவறுகள். கயிற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஜாமரைத் திறக்கும் முன் அந்தக் கயிற்றை வின்ச்சில் சுற்றிக்கொள்ளாமல் விட்டால், அது உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். அடுத்தது, பாயிலிருந்து கழற்றிய முனையை எதிலும் மாட்டாமல் கைவிடுவது. அது சர்ரென்று பாய்மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்க ஒருவர் மரம் ஏற வேண்டும், வழக்கமாக விட்டவரே.

பூம், அதாவது மெயின் பாயின் அடியில் படுத்திருக்கும் அந்தக் கம்பு, பார்க்கச் சாதுவாக இருக்கும். காற்று பின்னாலிருந்து வரும்போது 'ஜைப்' என்று குரல் கேட்டால் அது ஒரே வீச்சில் மறுபக்கம் பாயப் போகிறது என்று அர்த்தம். நிமிர்ந்து பார்க்காதீர்கள், குனியுங்கள்.

இன்னொரு படகு உரச வருகிறதென்றால் காலை நீட்டித் தடுக்கத் தோன்றும். முப்பதடிப் படகு மூன்று நான்கு டன் இருக்கும். ஃபைபர் கிளாஸ் உடைந்தால் ஒட்டிவிடலாம், முழங்கால் அப்படியல்ல.

சண்டைபோலத் தெரிவது பந்தயத் தொடக்கம். தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், நான்கு இருக்கும்போது இன்னொன்று, கடைசி ஒரு நிமிடத்தில் அந்த இரண்டாவது கொடி இறங்கும், பிறகு தொடக்கம். நேரத்தைக் கொடியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஹாரன் ஊதாமல் போனாலும் அது சாக்காகாது. இந்த ஐந்து நிமிடத்தில்தான் புதியவர்களுக்கு ஏனோ ஆபீஸ் கதை ஞாபகம் வருகிறது. பேசாதீர்கள். ஆனால் பார்த்ததைச் சொல்லுங்கள். ஜிப் பாய் மறைப்பதால் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், வரும் படகு ஸ்கிப்பருக்குத் தெரியாது. வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் ஸ்டார்போர்ட் படகுக்கு வழி உரிமை உண்டு, இடப்பக்கக் காற்றில் ஓடுகிறவர் விலக வேண்டும். "கீழே ஒரு ஸ்டார்போர்ட், ஆறு படகு நீளம்" என்று சொன்னால் போதும். "ஐயோ அங்கிள், படகு!" என்பதில் எந்தத் தகவலும் இல்லை. எதிர்ப் படகைப் பார்த்துக் கத்தும் வேலையையும் ஸ்கிப்பருக்கு விட்டுவிடுங்கள்.

காற்று பலமாக இருந்தால், காற்று வரும் மேல்காற்றுப் பக்க விளிம்பில் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்வோம், படகு சாயாமல் இருக்க. இடுப்பு, விளிம்பில் உள்ள பாதுகாப்புக் கம்பிகளில் கீழ்க்கம்பிக்கு உள்ளேயே இருக்க வேண்டும், அது விதி. மிதவை நெருங்கியதும் ஆர்வத்தில் முன்கூட்டியே எழுந்து உள்ளே வருவதுதான் இங்கே வழக்கமான தவறு. மிகவும் தேவைப்படும் நேரத்தில் எழுபது கிலோ இடம் மாறிப்போகிறது. நம் ஜலசந்தியிலோ பல மாலைகளில் காற்று செத்துப்போகும். அப்போது எல்லாம் தலைகீழ்: கீழ்க்காற்றுப் பக்கம் உட்கார்ந்து, படகைக் கொஞ்சம் சாய்த்து, பாய் தன் எடையிலேயே வடிவம் பிடிக்க விட வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்காக ஒருவர் தொம்மென்று நடந்தால் பாயில் ஒட்டியிருந்த கொஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும். பூனைபோல நகருங்கள். சும்மா இருக்கும் கண்ணுக்கு அப்போது ஒரு வேலை உண்டு. மிதவையின் எந்தப் பக்கம் நீர் வால் விட்டு ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காற்றில்லாத நாளில் நீரோட்டம் படகை மிதவைமேலேயே கொண்டுபோய்ப் போடும்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜீன்ஸும் சிலிப்பரும் வேண்டாம். தரையில் கறுப்புக் கோடு போடும் ஷூவும் வேண்டாம். சன் ஸ்ப்ரேயைக் கரையிலேயே அடித்துக்கொள்ளுங்கள், படகில் அடித்தால் தளம் எண்ணெய்ச் சட்டி ஆகிவிடும். மிதவை அங்கி மட்டும் தனி விஷயம். பந்தய விதிப்படி அன்றைய நிலைமைக்கு ஏற்ற அங்கியை அணிவது அவரவர் பொறுப்பு, ஸ்கிப்பருடையது அல்ல. தானே ஊதிக்கொள்ளும் வகை என்றால் கேஸ் குப்பி இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று பார்த்து அணியுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம். மலைப் பக்கம் வானம் கறுத்தால் அங்கிளிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

திட்டு விழும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றிலும் பாயின் படபடப்பிலும் சாதாரணமாகப் பேசினால் யாருக்கும் கேட்காது, அதனால் எல்லாமே கத்தல்தான். கரைக்கு வந்ததும் அதே வாய் "தே தாரிக் வேணுமா?" என்று கேட்கும்.

ஆனால் தே தாரிக்குக்கு ஓடுவதற்கு முன்னால் படகு இருக்கிறது. பாயை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து அடியிலிருந்து மடிப்பு மடிப்பாக மடிக்க வேண்டும், வின்ச்சுகளையும் தளத்தையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். படகைக் கட்டியவுடன் தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறவர்களை அங்கிள் ஒன்றும் சொல்லமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். கிளாங் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை போகும் ராஜா மூடா பந்தயம் 1990இலிருந்து நடக்கிறது. நவம்பரில் அதற்கு ஆள் சேர்க்கும்போது அவர் முதலில் கேட்டது முனியாண்டி அண்ணனை. அடுத்துக் கேட்டது, பின்காற்றுக்கு ஏற்றும் பெரிய பாயான ஸ்பின்னேக்கரை இன்னும் ஒழுங்காக ஏற்றத் தெரியாத, ஆனால் ஒவ்வொரு புதனும் டார்ச் வெளிச்சத்தில் பாய் மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை.

இன்னொன்று. நனைந்த கையுறையைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். வியாழக்கிழமை காலை பாலத்தில் ஜேமில் நிற்கும்போது, பின் சீட்டில் யாரோ கருவாட்டுக் கூடையை வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.