எந்தச் சிவாய்? ஆண்டீஸ் மலையூர் ஒன்றைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரு நாட்டின் தெற்கே, கோல்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் சிவாய். இதைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கு முதல் தவறு சொல்லிலேயே நேர்ந்துவிடுகிறது. ‘டிஸ்ட்ரிட்டோ’ என்னும் ஸ்பானியச் சொல்லை மாவட்டம் என்று பெயர்க்கிறோம். நம் வழக்கில் மாவட்டம் என்பது பல லட்சம் பேர் வாழும் பெரும்பரப்பு. பெருவிலோ அது ஆட்சி அடுக்கின் கடைசிப் படி. அதற்கு மேலே மாகாணமும், மாகாணத்துக்கு மேலே அரெகிபா போன்ற பெரும்பிரிவும் வருகின்றன. சிவாய் என்பது ஊருக்கும் பெயர், அந்தக் கடைசிப் படிக்கும் பெயர். அவ்வூரே கையோமா மாகாணத்தின் தலைநகரும் ஆகும். கையோமா என்ற பெயரிலேயே இன்னும் உயரத்தில் வேறோர் ஊரும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது.

மக்கள்தொகையில் இதன் விளைவு பெரிது. மாகாணத்தின் தொகை வளர்வதைப் பார்த்து மலையூர்களும் வளர்கின்றன என்று முடிவு கட்டுவது, நான் மிகுதியாகக் காணும் பிழை. அம்மாகாணத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையில் வாழ்வதே இல்லை. கடற்கரைப் பக்கத்துப் பாலை நிலமான மாஹெஸில் வாழ்கிறார்கள். கோல்கா ஆற்றின் மேற்பகுதியில் கொண்டொரோமா அணையில் நீரைத் தேக்கி, சுரங்கங்களும் கால்வாய்களும் வழியாக அங்கே கொண்டுசென்ற பாசனத் திட்டமே அந்தக் குடியேற்றத்தை உண்டாக்கியது. மலையின் நீர் கீழே இறங்க, மலையூர்களின் மக்கள் பலரும் அதன் பின்னே இறங்கினார்கள். ஆகவே எந்த எண்ணை எடுத்தாலும் அது ஊருக்கா, டிஸ்ட்ரிட்டோவுக்கா, மாகாணத்துக்கா என்று எழுதியே தீர வேண்டும். கணக்கெடுப்பு ஆண்டையும் சேர்க்க வேண்டும். 2017 கணக்கெடுப்பு, மக்களை அவர்கள் அப்போது இருந்த இடத்திலேயே எண்ணியது; படிப்புக்காகவோ கூலிக்காகவோ அரெகிபா நகரில் இருந்த சிவாய்க்காரர் அந்நகரின் கணக்கில்தான் சேர்ந்தார்.

நிலவமைப்பிலும் இரண்டு பிழைகள் உண்டு. உலகின் மிக ஆழமான பள்ளங்களுள் ஒன்றான கோல்கா பெரும்பள்ளத்தின் விளிம்பில் சிவாய் இருப்பதாக எழுதுகிறார்கள். ஊர் இருப்பது படிக்கட்டு வயல்கள் சூழ்ந்த அகன்ற பள்ளத்தாக்கில், ஆழமான பகுதி மேற்கே வெகு தொலைவில். அரெகிபாவிலிருந்து வரும் சாலையும் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரமுள்ள பதபம்பா கணவாயைக் கடந்து ஊருக்கு இறங்குகிறது என்பதால், மூச்சுத்திணறலுக்கு ஊரின் உயரத்தை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது.

ஜூன், ஜூலை அங்கே கோடைக்காலம் அல்ல. வறண்ட குளிர்காலம், இரவில் உறைபனி. மழை பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை.

கடைசியாக, இன்காப் பேரரசின் மொழியான கெச்சுவாவை இன்று பேசுவோரை, ஸ்பானியர் வருமுன் ஆண்ட இன்காக்களின் வழித்தோன்றல்கள் என்று ஒரே வீச்சில் எழுதிவிடக் கூடாது. இப்பகுதியின் கொய்யாகுவா மக்கள் அய்மாரா என்னும் வேறொரு மொழி பேசியதாக 1586ஆம் ஆண்டின் ஸ்பானிய அறிக்கையொன்று பதிந்துள்ளது. கெச்சுவா அவர்களிடையே பின்னரே வேரூன்றியது.