எபோனைட் பேனாவில் பன்னிரண்டு பட்டை எடுப்பது எப்படி?

எபோனைட் (கெட்டி ரப்பர்) கம்பியை லேத்தில் கடைந்து உருண்டைப் பேனா செய்து பழகியவர்களுக்கான குறிப்பு இது. பட்டை (நீளவாக்கில் ஓடும் தட்டையான முகம்) போட்ட பேனா பெரும்பாலும் கெடுவது மரையால் (திருகுப் புரியால்) தான். மூடியைத் திருகி முடிக்கும்போது மூடியின் பட்டையும் உடலின் பட்டையும் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். அதனால் எத்தனை பட்டை என்று யோசிக்கும்போதே எந்த மரை என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

மூடிக்கு மூன்று ஸ்டார்ட் மரைதான் வழக்கம்: மூன்று இடத்தில் தொடங்கி, மூன்று புரிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். எந்த ஸ்டார்ட்டில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து மூடி 120 டிகிரி தள்ளி உட்காரும். 12 பட்டையில் 120 டிகிரி என்பது சரியாக நான்கு பட்டை; எப்படித் திருகினாலும் கோடு சேரும். 6, 9 பட்டைகளுக்கும் இது பொருந்தும். 8 பட்டைக்குப் பொருந்தாது: மூன்று தடவையில் ஒரு தடவைதான் சேரும். அதற்கு இரண்டு அல்லது நான்கு ஸ்டார்ட் மரை வேண்டும். 1931-இல் வந்த வால்-எவர்ஷார்ப் டோரிக் என்ற அமெரிக்கப் பேனாவுக்கும் 12 பட்டைதான். பன்னிரண்டு பட்டை கைக்கு உருண்டை போலவே இருக்கும், கிளிப் இல்லாவிட்டாலும் மேசையில் உருளாது.

16 மி.மீ. எபோனைட் கம்பியை எடுத்து, உடலுக்கும் மூடிக்கும் தனித்தனியாக வெட்டுங்கள். இரண்டின் மூடிய முனையிலும் பிடிமானத்துக்கு 15 மி.மீ. கூடுதலாக விடுங்கள். முதலில் உள்வேலை. உடலில் 8.25 மி.மீ. துளை, கழுத்துக்கு (நிப்பைத் தாங்கும், விரல் பிடிக்கும் பகுதி) எம்9 × 0.75 உள்மரை (9 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 0.75 மி.மீ.), வெளியே எம்12 × 0.8 மூன்று ஸ்டார்ட் மரை. மூடியில் 11.2 மி.மீ. துளை போட்டு அதே மரைக்கு டேப் (உள்மரை வெட்டும் கருவி). டிரில்லை 10 மி.மீ.க்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். எபோனைட் சூட்டில் விரியும். சூடாக இருக்கும்போது போட்ட துளை ஆறியதும் சுருங்கி, டேப் இறுக்கிக்கொண்டு மரை பிய்ந்துவிடும். ஆறவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்டு மரை போடுங்கள். கழுத்துக்குப் பட்டை வேண்டாம். விரல் படும் இடம் உருண்டையாகவே இருக்கட்டும்.

இனி மூடியை உடலில் திருகி, இரண்டையும் ஒரே துண்டாகப் பிடியுங்கள்: உடல் பக்கம் காலெட் (கம்பியைச் சுற்றி இறுக்கும் பிடி), மூடி பக்கம் டெயில்ஸ்டாக்கின் சுழல் மையம். தினமும் மூடும் இறுக்கம் போதும். இங்கே முறுக்கி இறுக்கினால், பிறகு சாதாரணமாக மூடும்போது பட்டை சேராமல் நிற்கும். 15 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து, டயல் கேஜில் ஓட்டம் (சுழலும்போது தெரியும் விலகல்) 0.02 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முழு உடம்பிலும் சாக்குக்கட்டி தேயுங்கள். கறுப்பு எபோனைட்டில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

லேத்தின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிண்டிலைப் பகுத்து நிறுத்த 24 துளைத் தட்டு இருந்தால் இரண்டு துளைக்கு ஒரு பட்டை. தட்டு இல்லையென்றால் ஸ்பிண்டிலின் பின்முனையில் 60 பல் கியரை மாட்டி, ஐந்து பல்லுக்கு ஒருமுறை முள்ளைச் செருகுங்கள். எப்போதும் ஒரே திசையில் திருப்பினால்தான் முள்ளின் ஆட்டம் பட்டையில் ஏறாது. கிராஸ் ஸ்லைடில் (லேத்தின் குறுக்கே நகரும் மேடை) சிறிய மோட்டார் ஸ்பிண்டிலைப் பொருத்தி, 10 மி.மீ. எண்ட் மில்லை (முனையாலும் வெட்டும் கட்டர்) லேத் மையத்தின் உயரத்தில் வையுங்கள். கட்டர் லேசாகத் தொட்டதும் டயலைப் பூஜ்ஜியமாக்கி, 0.23 மி.மீ. உள்ளே தள்ளி, கேரேஜை நீளவாக்கில் ஒரே சீராக ஓட்டுங்கள். சில லேத்துகளில் டயல் விட்டக் கணக்கைக் காட்டும், அதில் 0.46 வைக்க வேண்டும். 15 மி.மீ. விட்டத்தில் முழுப் பட்டைக்கு ஆழம் 0.256 மி.மீ.; மீதி உப்புத்தாளுக்கு.

பன்னிரண்டும் முடிந்ததும் பட்டைக்குப் பட்டை நடுவே சுமார் 0.2 மி.மீ. அகலத்தில், சாக்குக்கட்டி மிஞ்சிய ஒரு வெள்ளை இழை நிற்கும். எல்லா இழையும் ஒரே அகலமா என்று பாருங்கள். ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிந்திருந்தால் பேனா மையம் விலகி ஓடியிருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். மறுபடி மையம் பிடித்து, மெல்லிசாகக் கடைந்து, புதிதாகப் பட்டை எடுப்பதே நல்லது.

கண்ணாடித் தகட்டின் மேல் 600 உப்புத்தாளை நனைத்து வைத்து, பேனாவை நீளவாக்கில் இழுங்கள். பட்டைக்கு இத்தனை இழுப்பு என்று எண்ணுங்கள். ஒன்றுக்குக் கூடினால் அந்தப் பட்டை அகலமாகிவிடும். வெள்ளை இழை மறையும் கணத்தில் நிறுத்திவிட்டு, 1000, 1500, 2000 என்று போகலாம். மெருகுக்குத் துணிச்சக்கரம் வேண்டவே வேண்டாம். கூரான விளிம்புதான் இந்தப் பேனாவின் அழகு. சக்கரம் அரை நிமிடத்தில் அதை மழுக்கிவிடும். தட்டையான மரத்துண்டில் தோல் ஒட்டி, பாலிஷ் பசை தடவி, ஒவ்வொரு பட்டையாகத் தேயுங்கள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். சுடுநீர் பட்டால் கறுப்பு எபோனைட் பழுப்பேறும்.

கூடுதல் முனைகளை அறுத்து முடித்தபின் மூன்று ஸ்டார்ட்டிலும் மூடிப் பாருங்கள். இந்த மரை ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. நகரும், ஒரு பட்டைக்கு 0.2 மி.மீ. மூடி 10 டிகிரி முன்னதாகவே நின்றால், மூடியின் வாயைக் கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் 0.07 மி.மீ. தேயுங்கள். 10 டிகிரி தாண்டிப் போய்விட்டால் அடுத்த பட்டை வரை, அதாவது 0.13 மி.மீ. தேயுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை மூடிப் பார்ப்பது நல்லது.