மஞ்சள் பூ எல்லாம் ஆவாரம்பூ இல்லை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும்போது சாலையோரம் மஞ்சள் பூ கண்ணில் பட்டால், பெரும்பாலோர் "ஆவாரம்பூ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செடிகளைப் பிரித்தறியப் பழக அந்த மஞ்சளே போதும்.

1. வண்டியைப் பென்னாகரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். ஏரிக்கரையும் மானாவாரிக் காட்டு வரப்பும் தோதான இடங்கள். பென்னாகரம் தாண்டி வரும் மலைப்பாதை யானை நடமாடும் வனம், அங்கே இறங்காதீர்கள்.

2. பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரே காம்பில் சிறு இலைகள் இணை இணையாக அடுக்கியிருந்து, செடி இடுப்புயரப் புதராக நின்றால் ஆவாரை. பொங்கலுக்குப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவோமே, அதேதான். இலை அதேபோல அடுக்கியிருந்தும் செடி தரையோடு படர்ந்திருந்தால் நெருஞ்சி.

இலை இதய வடிவில், தொட்டால் வெல்வெட் மாதிரி இருந்தால் துத்தி. இதன் பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும். காலையில் போனால் மொட்டுதான் தெரியும்.

இலையெல்லாம் முள்ளாக, நரம்பு மட்டும் வெள்ளை வெள்ளையாக ஓடினால் பிரம்மதண்டு.

3. சந்தேகம் தீரவில்லையா? குச்சியால் தண்டைக் கீறுங்கள். பிரம்மதண்டில் மஞ்சள் பால் கசியும். இதன் விதை பார்க்கக் கடுகு போலவே இருக்கும். அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால்தான் 1998இல் டெல்லியில் பலர் உயிரிழந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பக்கத்திலேயே எருக்கும் நிற்கலாம். அதன் வெள்ளைப் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். குழந்தைகள் கூட இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. காயைத் தேடுங்கள். ஆவாரையில் தட்டையான நெற்று, துத்தியில் சக்கரம் போன்ற காய், பிரம்மதண்டில் முள் போர்த்திய காய். நெருஞ்சிக் காயை நீங்கள் தேடவே வேண்டாம், செருப்பில் அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

5. செல்போனில் இலை, பூ, காய், முழுச்செடி நான்கையும் தனித்தனியாக எடுங்கள். பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்துப் பெயர் சொல்வது பல நேரம் கடினம். பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் யாராவது இருந்தால் செடியின் பெயர் சொல்லும் செயலியைத் திறக்கும் முன் அவரிடம் கேளுங்கள். ஆடு எதைத் தின்னும், எதைத் தொடாது என்பதையும் சேர்த்தே சொல்லுவார்.

கேரட் இலை போலக் கிழிந்த இலையோடு, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ கொத்தாகத் தெரிந்தால் அது பார்த்தீனியம். சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். படம் எடுத்தால் போதும், பறிக்க வேண்டாம்.