கொரோனா காலக் கதை எழுத உட்காருமுன்

முதலில் தேதியை வையுங்கள். "ஊரடங்கு காலத்தில் ஒரு நாள்" என்று தொடங்கும் கதை இரண்டாம் பக்கத்துக்குள் தடுமாறிவிடும். தமிழ்நாட்டில் இருந்தது ஒரே ஊரடங்கு அல்ல. மாதத்துக்கு மாதம், சில சமயம் நாளுக்கு நாள் விதி மாறியது. காட்சிக்கு மேலே பென்சிலால் தேதியை எழுதி, அந்த வாரம் எந்தக் கடை திறந்திருந்தது, எந்த வண்டி ஓடியது, வீட்டில் எதற்குப் பயந்தார்கள் என்று குறித்த பிறகு உரையாடலுக்குப் போகலாம்.

நினைவில் வைக்கவேண்டிய சில தேதிகள்: 2020 மார்ச் 22 ஞாயிறு, மாலை 5 மணிக்குக் கைதட்டல். 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கு. மே 5 கோயம்பேடு சந்தை மூடல், பிறகு காய்கறி திருமழிசைக்குப் போனது. டாஸ்மாக் மே 7 திறந்து, அடுத்த நாளே மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்து, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. சென்னையில் மட்டும் ஆகஸ்ட் 18 வரை பூட்டு. மாவட்டத்துக்குள் பேருந்து செப்டம்பர் 1, மாவட்டம் விட்டு மாவட்டம் 7ஆம் தேதி.

ஆகவே, 2020 ஜூலையில் நாயகன் சென்னையில் பஸ் ஏறி மதுரையில் இறங்கினால் கதை அங்கேயே முடிந்தது. அவனுக்கு வாடகைக் காரும், இணையத்தில் வாங்கும் பயண அனுமதியான இ-பாஸும் வேண்டும். கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை என்று காரணம் காட்டினால்தான் பாஸ் கிடைக்கும். உண்மையான காரணம் வேறாக இருக்கும் ஒருவன் எந்தக் காரணத்தைப் போட்டு விண்ணப்பிக்கிறான் என்பதே ஒரு சிறுகதைக்குப் போதும்.

இன்னொரு வழுக்கல், பின்னால் தெரிந்ததை முன்னால் பேசவைப்பது. 2020 ஊரடங்கில் வீட்டுப் பேச்சில் "முதல் அலை" என்ற சொல் அரிது. இரண்டாவது வந்த பிறகே அது முதலாவது ஆனது. அப்போது பேச்செல்லாம் வாசலில் மஞ்சள்நீர், கபசுரக் குடிநீர், தெருவை அடைத்த தகரம். ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்தது 2021 மே. தடுப்பூசியும் அப்படித்தான்: மருத்துவப் பணியாளருக்கு 2021 ஜனவரி 16, அறுபது வயதுக்கு மேல் மார்ச் 1, நாற்பத்தைந்துக்கு மேல் ஏப்ரல் 1.

நோயை எழுதும்போது நாள் கணக்கு முக்கியம். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே பாத்திரத்தைச் சாகடிக்கிறவர்கள் அதிகம். பெரும்பாலும் முதல் வாரம் சமாளித்துவிடுவார்கள். நிலை மோசமாவது ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீடே நிம்மதியாகும் நேரம் அது. சிலருக்கு மூச்சு வாங்குவதே தெரியாது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். "எண்பத்தெட்டு காட்டுதுண்ணே, ஆனா நல்லாத்தான் பேசுறாரு" என்ற ஒரு வரி, இரண்டு பக்க அலறலைவிடக் கனமானது.

கதையில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்தால் கணக்குப் போடுங்கள். ஆள் உயரப் பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 1,500 லிட்டர் கொள்ளும் சின்னது அதே வேகத்தில் இரண்டரை மணி நேரம்தான். இரவு 10 மணிக்குச் சின்ன சிலிண்டரை மாட்டிவிட்டு விடியும்வரை அதை மறந்துவிட்ட எழுத்தாளரை வாசகர் மன்னிக்க மாட்டார், குறிப்பாக அந்த இரவைக் கடந்த வாசகர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கான்சன்ட்ரேட்டர் என்றால் கரண்ட் வேண்டும்.

சாவுக் காட்சியில்தான் மிக நிதானம் தேவை. அங்கே நடக்காதவற்றை எழுதுங்கள்: குளிப்பாட்டல் இல்லை, எண்ணெய் சீயக்காய் இல்லை, மார்பில் விழுந்து ஒப்பாரி இல்லை, கேதம் கேட்க வருகிறவர் போனில். ஆனால் "முகத்தைக்கூடக் காட்டவில்லை" என்பதைப் பொது விதியாக எழுதாதீர்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2020 மார்ச் நெறிமுறை, உடலை வைத்த பையின் முகப்பகுதி ஜிப்பைப் பணியாளர் திறந்து காட்டலாம் என்றது. தொடாமல் தீர்த்தம் தெளிக்கலாம், மந்திரம் சொல்லலாம் என்றது. காட்டாமல் விட்டிருந்தால், அது யாருடைய பயம், யாருடைய அவசரம் என்று கதை சொல்ல வேண்டும். சாம்பலால் ஆபத்தில்லை, அஸ்தி எடுக்கலாம் என்றும் அதே நெறிமுறையில் இருந்தது. மகன் மறுநாள் மயானத்துக்குப் போய் அதை வாங்கிக்கொள்ளலாம்.